மஞ்சள் இறங்கினால் போதுமா?

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் நல்ல மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும். வரப்போரம், கொல்லை மூலை, கிணற்று மேடு என்று எங்கு பார்த்தாலும் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். ஒரு சாண் உயரச் செடி. இலைக் காம்பைத் திருப்பிப் பார்த்தால், கடுகைவிடச் சற்றே பெரிய நெல்லிக்காய்கள் வரிசையாகத் தொங்கும். காய் கீழே இருப்பதால் கீழாநெல்லி.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகி, சிறுநீரும் மஞ்சளாகப் போனால், முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்தச் செடிதான். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறே? வேரோட பிடுங்கிட்டு வா. மோர்ல அரைச்சு மூணு நாள் வெறும் வயித்துல குடி. உப்பு, எண்ணெய் தொடாதே. சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்வார். பெரும்பாலும் சரியாகவும் போய்விடுகிறது. ஒரு மாதத்தில் கண் வெளுக்கிறது, பசி திரும்புகிறது, ஆள் வேலைக்குப் போகிறார். இதைக் கண்ணால் பார்த்த குடும்பத்திடம் போய் 'கீழாநெல்லியில் ஒன்றுமில்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மஞ்சள் போய்விட்டது, சரி. நோய் போய்விட்டதா?

இந்தக் கேள்விக்கு விடை கண்ணில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. அந்த விடையைத் தேடிய கதையில் ஓர் அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தம், சென்னை தரமணி ஆய்வகம், நம் கீழாநெல்லி எல்லாமே வருகின்றன.

மஞ்சள் என்பது நோயின் பெயர் அல்ல

ரத்தச் சிவப்பணுக்களுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அவை உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் கழிவு உண்டாகிறது. அதைப் பிடித்து, பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கல்லீரல் வீங்கினாலோ, பித்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலோ அந்த மஞ்சள் ரத்தத்தில் தேங்கும். கண்ணிலும் தோலிலும் தெரியும்.

அதாவது, மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சல் மாதிரி. சாதாரண சளிக்கும் காய்ச்சல் வரும், டைபாய்டுக்கும் வரும். அதுபோலவே பித்தப்பைக் கல், மதுப்பழக்கம், எலிக்காய்ச்சல், சில மாத்திரைகள், கணையப் புற்றுநோய் என்று பல காரணங்களால் கண் மஞ்சளாகலாம்.

இவற்றில் நம் ஊரில் அதிகம் பார்ப்பது வைரஸ் கிருமிகளால் வரும் காமாலை. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து வகை. இந்த ஐந்தையும் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருபவை. கார்த்திகை தீபத்துக்கோ பௌர்ணமி கிரிவலத்துக்கோ லட்சக்கணக்கானவர்கள் கூடும் ஊரில், குடிநீரில் அதிகக் கவனம் வேண்டும் என்பது இதனால்தான். இந்த இரண்டு கிருமிகளையும் நம் உடலின் எதிர்ப்பு சக்தியே பெரும்பாலும் சில வாரங்களில் விரட்டிவிடும். ஓய்வு, போதிய நீர், நல்ல சாப்பாடு, குடியைத் தொடாமல் இருப்பது, இவையே முக்கிய வைத்தியம். கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் மட்டும் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கைந்து வாரத்தில் தானாகவே ஆறக்கூடிய நோய்க்கு, முதல் வாரத்தில் எதைக் கொடுத்தாலும் நான்காம் வாரத்தில் பெயர் அதற்கே போய்ச் சேரும். கீழாநெல்லிக்கும் அப்படித்தான், கடையில் வாங்கும் டானிக்குக்கும் அப்படித்தான். பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது உண்மை. ஆனால் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

சத்தமில்லாமல் தங்குகிறவன்

பி, சி, டி ஆகியவை ரத்தத்தின் வழியாகவும் உடல் திரவங்களின் வழியாகவும் பரவுபவை. இவற்றில் பி வகை மிகவும் வித்தியாசமானது. அது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்கு எந்த வயதில் வந்தது என்பதைப் பொறுத்தது.

வளர்ந்த ஒருவருக்கு வந்தால், 100-ல் 95 பேருக்கும் மேல் உடல் அதை வென்றுவிடும். பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பச்சிளங்குழந்தைக்குத் தொற்றினாலோ, 100-ல் சுமார் 90 குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். குழந்தையின் எதிர்ப்பு சக்திக்கு அந்த வயதில் அது எதிரி என்றே தெரிவதில்லை. கூடவே பிறந்த ஒன்றாக நினைத்து விட்டுவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. உள்ளே குடியேறிப் பிள்ளை பெருக்குகிறது, அவ்வளவே. செல்லைக் கொல்வது நம் சொந்த வெள்ளை அணுக்கள். கிருமி ஒளிந்திருக்கும் வீட்டை, கிருமியோடு சேர்த்தே இடிக்கின்றன. வளர்ந்தவருக்கு அந்தச் சண்டை வேகமாக நடந்து முடிகிறது, கண் மஞ்சளாகிறது, நோய் தீர்கிறது. குழந்தையில் தொற்றியவருக்குச் சண்டையே நடப்பதில்லை. மஞ்சளும் வருவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு அரைகுறையாகச் சண்டை போடத் தொடங்கும். இடிப்பதும் கட்டுவதுமாகப் பல வருடம் நடந்தால் கல்லீரலில் தழும்பு ஏறும். அதுதான் சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம். திரும்பத் திரும்பப் புதுச் செல் உண்டாகும்போது மரபணுவில் பிழைகள் சேரும். வைரஸ் தன் மரபணுத் துண்டுகளை நம் மரபணுவுக்குள் செருகியும் வைக்கும். அதனால் சிரோசிஸ் வராமலே புற்றுநோய் வருவதும் உண்டு.

தைவானில் அரசு ஊழியர்களான 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1981-ல் ஓர் ஆய்வு வெளியானது. ரத்தத்தில் இந்த வைரஸ் தங்கியிருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 200 மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. ஒரு கிருமிக்கும் ஒரு புற்றுநோய்க்கும் இவ்வளவு நெருக்கமான உறவு அபூர்வம்.

இங்கேதான் 'மஞ்சள் இறங்கினால் போதும்' என்ற நம்பிக்கை ஆபத்தாகிறது. ஏற்கெனவே பி வைரஸ் தங்கியிருக்கும் ஒருவருக்கு, இடையில் வேறு காரணத்தால் காமாலை வரலாம். அல்லது உறங்கிய வைரஸே விழித்துக் காமாலை வரலாம். மருந்து குடித்தார், கண் வெளுத்தது, ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. குடும்பமும் மறந்துவிட்டது. இருபது வருடம் கழித்து, வயிறு உப்பி, கால் வீங்கி வரும்போது நோய் கை மீறியிருக்கும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அடையாளம்

உடலுக்குள் ஒளிந்திருப்பவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் ரத்தத்தில் விட்டுச்செல்லும் ஓர் அடையாளத்தை வைத்துத்தான். மருத்துவர்கள் அதை மார்க்கர் என்பார்கள்.

அமெரிக்காவின் பரூக் புளும்பெர்க் 1960-களில் ஹெபடைடிஸைத் தேடிப் போகவே இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க, உலகெங்குமிருந்து ரத்த மாதிரிகளைச் சேர்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றோடு வினைபுரிந்தது. அது 1963. அந்த 'ஏதோ ஒன்றுக்கு' ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்று பெயர் வைத்தார்கள்.

அது என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. 1967-ல் புளும்பெர்க்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனது. தன் ரத்தத்தைத் தானே சோதித்துப் பார்த்தார். அதுவரை இல்லாத ஆஸ்திரேலியா ஆன்டிஜன் இப்போது இருந்தது. பிறகு காமாலையும் வந்தது! அந்த அடையாளம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது உறுதியானது. இன்று நம் ஊர் லேபில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி' என்று எழுதிக் கொடுக்கும் டெஸ்ட் அதுவேதான்.

இந்த வைரஸ் தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அந்த வெறும் உறையை மட்டும் பிரித்தெடுத்து உடலுக்குக் காட்டினால், எதிர்ப்பு சக்தி எதிரியின் முகத்தை முன்கூட்டியே படித்துக்கொள்ளும் அல்லவா? புளும்பெர்க்கும் இர்விங் மில்மேனும் 1969-ல் அந்தத் தடுப்பூசிக்கான வழியைச் சொன்னார்கள். 1976-ல் புளும்பெர்க்குக்கு நோபல் பரிசு. 1981-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி. மனிதரில் ஒரு புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி இதுவே. புளும்பெர்க் பிறந்த ஜூலை 28-ம் தேதியைத்தான் உலகம் ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறது.

தரமணிக்கு வந்த கீழாநெல்லி

புது நோயாளிகளைத் தடுக்க ஊசி வந்துவிட்டது. ஏற்கெனவே வைரஸைச் சுமப்பவர்களுக்கு என்ன வழி? அன்று உலகத்தில் அதற்கு நல்ல மருந்து இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ்.பி. தியாகராஜன். பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானவர். காமாலைக்கு நம் மக்கள் நம்பும் மூலிகைகளை அவரது குழு சோதனைக்குழாயில் வைத்துப் பார்த்தது. கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் அந்த மேலுறைப் புரதத்தைச் செயலிழக்க வைக்கின்றன என்று 1982-ல் எழுதினார்கள்.

செய்தி அமெரிக்காவுக்குப் போனது. புளும்பெர்க்கின் ஆய்வகத்தில் பி.எஸ். வெங்கடேஸ்வரன் கீழாநெல்லிச் சாற்றை எடுத்து, இதே போன்ற வைரஸ் வரும் வுட்சக் என்ற கொறிக்கும் விலங்கிடம் சோதித்தார். 1987-ல் வந்த முடிவும் நம்பிக்கை தருவதாகவே இருந்தது.

அடுத்தது மனிதர்கள். வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லியை உலர்த்திப் பொடித்து 200 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து. முடிவு 1988-ல் உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த அடையாளம் மறைந்துவிட்டது. அதாவது 59 சதவீதம். வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு ஓர் ஒப்பீடு போதும். இந்த அடையாளம் தானாக மறைவது ஆண்டுக்குச் சுமார் 100-ல் ஒருவருக்குத்தான். இங்கே ஒரே மாதத்தில் பாதிக்கும் மேல்! நம் வரப்போரச் செடிக்கு உலகமே திரும்பிப் பார்க்கும் மரியாதை கிடைத்தது.

ஆனால் அறிவியலில் ஒருவர் சமைத்த சாப்பாட்டை இன்னொருவர் அதே பக்குவத்தில் சமைத்துக் காட்ட வேண்டும். தாய்லாந்தில் முயன்றார்கள். 1990-ல் அதே 'லான்செட்' இதழில் பதில் வந்தது: அடையாளம் மறையவில்லை. இந்தியாவிலேயே செய்த இன்னொரு சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. அங்கும் மறையவில்லை. பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் அமைப்பு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி பலன் தருகிறது என்று சொல்லும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை என்று 2011-ல் எழுதியது.

ஏன் இந்த வித்தியாசம்? சென்னைச் சோதனையில் கணக்கில் வந்தவர்கள் 60 பேர் மட்டுமே. கீழாநெல்லி என்ற பெயரில் பல நெருங்கிய இனங்கள் உண்டு. மண், மழை, பறிக்கும் பருவம் எல்லாவற்றையும் பொறுத்துச் சத்து மாறும் என்று சிலர் சொன்னார்கள். ஆய்வுகள் இன்னும் தொடர்கின்றன.

இந்தக் கதையைச் சிலர் 'நம் மருந்தை மறைத்துவிட்டார்கள்' என்று முடிப்பார்கள். சிலர் 'எல்லாம் வெறும் மூட நம்பிக்கை' என்று முடிப்பார்கள். இரண்டுமே தவறு. பாட்டி சொன்னதை அலட்சியம் செய்யாமல் எடுத்து, நேர்மையாகச் சோதித்தது சென்னை ஆய்வகம். அந்த ஆய்வகம் மஞ்சள் போனதா என்று பார்த்து நிறுத்திவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ரத்தத்தில் அடையாளம் போனதா என்று பார்த்தது. நம்பிக்கை தந்ததும் அதே அடையாளம். பிறகு, 'போதாது' என்று சொன்னதும் அதே அடையாளம். மூலிகையோ மாத்திரையோ, எந்த வைத்தியத்தையும் அளக்க நம் வீட்டிலும் அதே அளவுகோல்தான் வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

மருந்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே, தடுப்பூசி தன் வேலையைச் சத்தமில்லாமல் முடித்தது. தைவான் 1984-ல் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசியைத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது, 1990-94 காலத்தில் 0.36 ஆகப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோய்க்கு எதிராக நம் எதிர்ப்பு சக்தியைப் பழக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நம் நாட்டில் அரசு அட்டவணைப்படி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே இதுவும் வந்துவிடும். அந்த ஐந்து நோய் ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில்.

இதில் 24 மணி நேரம் என்ற கணக்கு ரொம்ப முக்கியம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வைரஸ் வந்திருந்தால், அது குடியேறுவதற்குள் எதிர்ப்பு சக்தி தயாராக வேண்டும். 'நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கலாம்', 'குழந்தை ரொம்பச் சின்னதா இருக்கு, ஆறு வாரம் ஆகட்டும்' என்று தள்ளினால் அந்த வாய்ப்பு திரும்ப வராது. தாய்க்கு வைரஸ் இருப்பது முன்பே தெரிந்தால், குழந்தைக்கு ஊசியோடு சேர்த்து, தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினையும் 12 மணி நேரத்துக்குள் போடுவார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவருக்கு மாத்திரையும் கொடுப்பார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே இருப்பவர்களுக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ல் உலகில் சுமார் 25 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்கிறார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 3 கோடி. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

டெஸ்டில் பாசிட்டிவ் என்று வந்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது. எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதும் இல்லை. வைரஸ் எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் நொதிகள் எப்படி இருக்கின்றன, தழும்பு ஏறியிருக்கிறதா என்று மூன்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் தினம் ஒன்று. அவை வைரஸை வேரோடு பிடுங்குவதில்லை. பெருகவிடாமல் அடக்கி வைக்கின்றன. அதனாலேயே சிரோசிஸும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் வைரஸ் சீறி எழும். கல்லீரலே செயலிழந்தவர்கள் உண்டு.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதுபற்றிக் கேட்கலாம். சி வகை என்றால் இன்னும் நல்ல செய்தி: பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் அது அடியோடு குணமாகிறது.

சிரோசிஸ் வந்தவர்களும், மருத்துவர் ஆபத்து அதிகம் என்று சொன்னவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். அதோடு ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இது கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் புரதம். பிறந்த பிறகு அடங்கிவிடும். கல்லீரல் செல் புற்றாக மாறும்போது, மறந்துபோன அந்தப் பழைய வேலையை மறுபடி தொடங்கிவிடுகிறது. கல்லீரல் புற்று வந்த எலிகளிடம் 1963-ல் ரஷ்ய விஞ்ஞானி அபெலெவ் கண்டுபிடித்தது இது. ஆனால் எல்லாப் புற்றிலும் இது கூடுவதில்லை. கர்ப்பத்திலும், வெறும் கல்லீரல் வீக்கத்திலும்கூடக் கூடலாம். அதனால் ஒற்றை எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். ஸ்கேனும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை.

களைத்துப்போன காவலர்கள்

பல வருடம் வைரஸோடும் புற்றோடும் மோதும் வெள்ளை அணுக்கள் ஒரு கட்டத்தில் களைத்துவிடுகின்றன. அவற்றின் மேல் பிரேக் போன்ற ஒரு புரதம் உண்டு. புற்றுச் செல் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. அந்த வகை மருந்து ஒன்றும், புற்றுக்கு ரத்தம் போவதைத் தடுக்கும் மருந்து ஒன்றும் சேர்ந்த சிகிச்சைக்கு, முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்காக 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஆயுளை நீட்டித்திருக்கிறது. ஆனால் விலை அதிகம், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. பிறந்த அன்று இலவசமாகக் கிடைக்கும் ஊசி செய்யும் வேலையை, இந்த விலையுயர்ந்த மருந்து ஐம்பது வயதில் செய்ய முயல்கிறது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மார்பகப் புற்று, ரத்தப் புற்று என்று எதற்குக் கீமோதெரபி தொடங்கினாலும், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தாலும், முன்னதாக ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுக்க வேண்டும். எதிர்ப்பு சக்தி தளர்ந்ததும் உறங்கிய வைரஸ் விழித்துக்கொள்ளும். முன்பே தெரிந்தால் ஒரு மாத்திரையில் தடுத்துவிடலாம்.

மொட்டையும் காது குத்தும்

கோயில் ஊரில் மொட்டை, காது குத்து, திருவிழாக் கடையில் பச்சை குத்துவது எல்லாம் சகஜம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு, ஒவ்வொரு காதுக்கும் புது ஊசி என்பதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். முடி திருத்துபவருக்கும், பச்சை குத்துபவருக்கும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளருக்கும்தான் ஆபத்து இன்னும் அதிகம். பெரியவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

கண் மஞ்சளானால் கேட்க வேண்டியவை

* இது எந்த வகைக் காமாலை? ஏ, இ-யா? பி, சி-யா? பித்தக் குழாய் அடைப்பா?

* எச்.பி.எஸ்.ஏ.ஜி, ஹெபடைடிஸ் சி டெஸ்ட் இரண்டும் எடுத்தாயிற்றா?

* பி பாசிட்டிவ் என்றால், ஆறு மாதம் கழித்து மறுபடி எப்போது வர வேண்டும்? ஆறு மாதம் தாண்டியும் இருந்தால்தான் அது நாள்பட்ட நோய்.

* வீட்டில் யார் யார் டெஸ்ட் எடுக்க வேண்டும்? தாய், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும்தான்.

* நாட்டு மருந்து எடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியும் லேகியமும் கல்லீரலையே கெடுக்கலாம். கண்ணில் சாறு விடுவது, சூடு போடுவது கூடவே கூடாது.

* குழப்பம், அதீதத் தூக்கம், ரத்த வாந்தி, கறுப்பு மலம், கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு.

தட்டைப் பிரிக்காதீர்கள்

பாசிட்டிவ் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, சாப்பிடும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பது. கல்யாணப் பேச்சு நின்றுவிடுமோ என்று ரிப்போர்ட்டைப் பெட்டியில் ஒளித்து வைப்பதும் உண்டு. இந்த பயத்தினால்தான் பலர் டெஸ்டுக்கே வருவதில்லை.

ஹெபடைடிஸ் பி ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. கட்டிப்பிடித்தால், ஒரே வீட்டில் படுத்தால், தும்மினால் பரவாது. தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டுமே. கல்யாணமும் செய்யலாம், துணைக்கு முன்கூட்டியே மூன்று ஊசியும் போட்டு, எதிர்ப்பு சக்தி வந்ததா என்று ஒரு டெஸ்டும் பார்த்துவிட்டால் போதும். பிறக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு இருப்பது தெரியவந்தால், அவரை ஒதுக்குவதற்குப் பதிலாக எல்லோரும் ஒன்றாக ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். இருப்பவருக்குச் சிகிச்சையும் கண்காணிப்பும், இல்லாதவருக்கு ஊசியும் கிடைக்கும்.